கல்லில் அரைத்த மாத்திரை

இன்று காலை எதிர்வீட்டுச் சாந்தி வந்தாள். கையில் நாலைந்து மாத்திரை அட்டைகள். நான் ஒரு தோட்டுக்குத் திருகாணி வைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "பத்தரண்ணே, இருக்கீகளா?" என்றாள். பட்டறைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக்கொண்டே இருக்கீகளா என்று கேட்பது இந்தத் தெருவின் வழக்கம். இருக்கிறேன் என்றேன்.

"மாமியாவுக்குத் தொண்டையில எதுவும் எறங்க மாட்டேங்குதுண்ணே. மாத்திரைய முழுசாக் குடுத்தா துப்பிப்புடுறாக. மிக்ஸில போட்டா பாதி அதுலயே ஒட்டிக்கிருது. நீங்க அக்காவுக்கு மாவாட்டம் அரைச்சுக் குடுத்தீகளாமே, தெருவே சொல்லுது. ஒரு வாரத்துக்கு எனக்கும் அரைச்சுத் தாங்கண்ணே."

என் கை தானாகக் கீழ் இழுப்பறைக்குப் போய்விட்டது. அந்தக் கல் அதற்குள்தான் இருக்கிறது. நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது, அதற்குப் பிறகு அந்த இழுப்பறையை நான் திறக்கவே இல்லை. திறந்ததும் முதலில் வந்தது அந்த வாசனைதான். சுண்ணாம்பும் கசப்பும் கலந்த மாத்திரைத் தூள் வாசனை. கழுவித்தான் வைத்திருந்தேன், ஆனாலும் போகவில்லை.

உள்ளங்கை அகலம், நடுவில் ஒரு குழி, குழவி கட்டைவிரல் உயரம். நகையைப் பற்றவைக்கும் முன் வெண்காரத்தைத் தண்ணீர் விட்டு இழைத்துப் பூசுவோமே, அதற்கான கல்லைப் போன்றதுதான் இதுவும். ஆனால் பழைய கல்லில் உனக்கு அரைக்கக் கூடாது, வெண்காரம் உடம்புக்கு ஆகாது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். கொதிக்கிற தண்ணீரில் மூன்று முறை போட்டு எடுத்தேன். அதில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் பார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பிரஷர் மாத்திரை அரைக்கக் கூடாத மாத்திரை. நான் அதை அரைத்தேன். ஐந்து மாதம், ஒரு நாள்கூடத் தவறாமல் அரைத்துக் கொடுத்தேன். நீ வேண்டாம் என்று சொன்னாய். வாய் போன பிறகு ஒரு மனுஷி எப்படியெல்லாம் சொல்ல முடியுமோ அப்படியெல்லாம் சொன்னாய். எனக்குத்தான் புரியவில்லை. இதை இன்று வரை நம் மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்வதற்கு மட்டும் என்ன இருக்கிறது? உனக்குத்தான் முதல் நாளிலிருந்தே தெரியுமே. இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நீ.

ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. புதுவயல் அரிசி மில்லிலிருந்து வருகிற ஆட்கள் வைத்தது. "வாயத்தொற நர்ஸம்மா." மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போகிற பழக்கமே உனக்குக் கிடையாது. ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, முழுங்குகிற வரை அங்கேயே நிற்பாய். பிறகு, "வாயத் தெறந்து காட்டுங்க" என்பாய். நூறு கிலோ மூட்டையைத் தூக்குகிற ஆள், ஆ என்று உன் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது உன் வார்டில்தானே படுத்திருந்தேன். இரண்டாம் நாள் காலையில் மருந்துத் தட்டோடு வந்து நின்றாய். கையில் சீட்டு. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"பேரச் சொல்லுங்க."

"என்னடி, என் பேரு ஒனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் நாஞ் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், தையல் பிரிந்துவிடும் என்று நீ அவரை அதட்டினாய். நம் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பெயரை நீ சொன்னதே இல்லை. ஆனால் அன்று அதற்காகக் கேட்கவில்லை. தெரிந்த முகம் என்று பெயரைக் கேட்காமல் விட்டால் ஒருநாள் தெரிந்த முகத்துக்கே தவறான மாத்திரை போய்விடும் என்று வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாய். நான் பெயரைச் சொன்னேன். சீட்டைப் பார்த்தாய், மாத்திரையைக் கொடுத்தாய், நான் முழுங்கினேன். எல்லோரும் பார்க்க என்னையும் வாயைத் திறக்க வைத்தாய்.

அவ்வளவு பார்த்துப் பார்த்து ஊருக்கு மருந்து கொடுத்தவளுக்கு, கடைசியில் மருந்து கொடுக்க நான் வாய்த்தேன்.

இன்னொரு நாளும் இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன், முடிவதில்லை. எனக்குச் சர்க்கரை வந்த புதிது. மாத்திரை பெரிதாக இருக்கிறதென்று தங்கத் தகடு வெட்டுகிற கத்தரியால் அதை இரண்டாக வெட்டினேன். சரிபாதி. தராசில் போட்டால் முள் அசையாது. உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். நீ பார்த்த பார்வை இருக்கிறதே! "ஒங்க கத்தரிய தங்கத்தோட வச்சுக்கிடுங்க. எல்லா மாத்திரையும் ஒடைக்கிறதுக்கு இல்ல" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நர்ஸு ஆரம்பிச்சுட்டா என்று கிண்டல் செய்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். அப்போது உனக்கு வாய் இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் உன்னை அந்த வாதம் அடித்தது. மதுரையில் பத்தொன்பது நாள். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கியிருந்தது. "அந்தா." தண்ணீர் வேண்டும் என்றாலும் அந்தா, ஃபேனைப் போடச் சொன்னாலும் அந்தா, மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியபோதும் அழுதுகொண்டே அந்தா, அந்தா. மகள் ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். இடது கையில் பல்பத்தைப் பிடித்து நீ கோடு கோடாக இழுத்தாய், எழுத்து வரவில்லை. சிலேட்டைத் தள்ளிவிட்டாய். உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே வர வழிதான் அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் அதை நம்பினேனா? வாய் பேசாத ஆளைக் குழந்தை மாதிரி நினைப்பதுதானே நமக்கு வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்தேன். குழந்தையிடம் பேசுவது போலத்தான் உன்னிடம் பேசினேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலை மாத்திரை உன் தொண்டையில் மாட்டிக்கொண்டது. இருமி, கண் செருகி, முகம் கறுத்து, நான் முதுகில் தட்டித் தட்டி அது வெளியே வந்து விழுந்தபோது எனக்கு உயிரே இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி முழுசாகக் கொடுப்பதில்லை என்று. மதுரையில் இருந்தபோது ஒரு நர்ஸ் பெண் ஒரு மாத்திரையைப் பொடி செய்து, தண்ணீரில் கலக்கி, கரண்டியால் புகட்டிக் காட்டியிருந்தாள். அது ஒரு மாத்திரை. நான் உன் ஐந்து மாத்திரைகளையும் அப்படியே செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பொடி செய்வது என் தொழில் அல்லவா.

மனுஷனுக்குக் கைவேலை மீது ஒரு திமிர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதல் என்று நீயே சொல்வாய். மாத்திரையைக் குழியில் போட்டு, குழவியால் முதலில் நசுக்கி, பிறகு வட்டமாக இழைப்பேன். விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்று ஒரு மணிகூடத் தட்டக் கூடாது. தங்கத்தூள் கூட்டுவதற்கு வைத்திருப்பது போன்ற ஒரு புதுத் தூரிகையால் குழியைத் துடைத்து எடுப்பேன், ஒரு தூசி வீணாகாது. தெருவில் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். "மெடிக்கல்ல இருக்க மெசினுகூட இம்புட்டு நைசா அரைக்காது" என்றார் மூலைக்கடை அண்ணாச்சி. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நைசாக அரைக்க அரைக்கத்தான் அது உனக்குக் கெடுதல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். கல்லை எடுத்ததும் உன் இடது கை எழும். "அந்தா, அந்தா" என்பாய். மேஜையைக் காட்டுவாய். நான் தண்ணீரை எடுத்துக் கொடுப்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாய். சீப்பை எடுப்பேன். மறுபடியும் ஆட்டுவாய். "என்னதான் வேணும் ஒனக்கு?" என்று அலுத்துக்கொள்வேன். நீ காட்டியது மாத்திரை அட்டையை. அதில் எழுதியிருப்பதைப் படி என்றாய். நாற்பது வருஷமாக ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடுகளவு கல்லில் கீறல் தேடுகிறவன் நான். அந்த அட்டையை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் அட்டையை உன் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாய். விரலைப் பிரிக்கப் பிரிக்க இறுக்கினாய். ஒரு கையில்தான் பலம் இருந்தது, அந்த முழுப் பலத்தையும் அதில் காட்டினாய். நான் விரல் விரலாகப் பிரித்துப் பிடுங்கினேன். அப்போது என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "ஊருக்கெல்லாம் மருந்து குடுத்தவ, ஒனக்கே இப்படி அடம்பிடிச்சா எப்படி? அசிங்கமா இல்ல?" நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது.

தேனில் குழைத்துக் கொடுத்தேன், துப்பினாய். பாலில் கலந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டாய். கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. கவுனி அரிசி என்றால் உனக்கு உயிர். கல்யாண வீட்டில் இலையில் விழுந்ததும் அதைத்தான் முதலில் எடுப்பாய். சாந்தியிடம் பக்குவம் கேட்டு, தேங்காய்ப்பூப் போடாமல், குழைய வேகவைத்து, சர்க்கரை போட்டு மசித்து வைத்தேன். கறுப்பும் சிவப்புமான நிறம். எதைக் கலந்தாலும் வெளியே தெரியாது. முதல் கரண்டி வாய்க்குள் போனதும் உன் முகம் மலர்ந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாய். இரண்டாவது கரண்டியில் நாக்கு நின்றது. மெதுவாக என்னைப் பார்த்தாய்.

அந்தப் பார்வைதான் இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை. கோபம் இல்லை அதில். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நீ கவுனி அரிசியைத் தொடவில்லை. என் கையால் எது கொடுத்தாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாய், பிறகு கரண்டியைப் பார்ப்பாய். இட்லியைக்கூட இடது கையால் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாய். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். நான் பொய்க்காரன் ஆகிவிட்டேன், உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

காலையில் மருந்து உள்ளே போன அரைமணி நேரத்தில் நீ துவண்டுபோவாய். கை கால் சில்லிடும். மத்தியானம் வரை அசையாமல் கிடப்பாய். நல்லா ரெஸ்ட் எடுக்கிறா என்று மகளிடம் போனில் சொல்வேன். தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர், தன் வீட்டுக்குப் போகிற வழியில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பிரஷர் பார்ப்பார். அப்போதெல்லாம் ஏறித்தான் இருக்கும். "மாத்திரை ஒழுங்காக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். "ஒரு வேளை தவறல சார்" என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அரைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல, அதில் சொல்ல ஒன்றும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. அவர் யோசித்துவிட்டு, இனிமேல் இரண்டாகக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நான் இரண்டாக அரைத்தேன்.

அந்த வாரத்தில்தான் நீ மாறினாய். கல்லை எடுத்தேன், கை எழவில்லை. அந்தா என்று சொல்லவில்லை. கரண்டியைக் கொண்டுவந்ததும் நீயாகவே வாயைத் திறந்தாய். பொடியைத் தண்ணீரில் கலக்கி வெறுமனே கொடுத்தேன், முழுங்கினாய். மறுநாளும் திறந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கூப்பிட்டு, "அம்மா வழிக்கு வந்துட்டா தாயி, இனி கவலையில்ல" என்றேன். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

எட்டாம் நாள் காலையில் கொடுத்தேன், வாயைத் துடைத்துவிட்டேன். ஜன்னல் ஓரம் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். ஒரு திருமாங்கல்யம், அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டியது. கொஞ்ச நேரத்தில் உன் தலை சாய்ந்தது. தூங்கிவிட்டாய் என்று கழுத்துக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுத்தேன். சத்தம் கேட்டு நீ விழித்துவிடக் கூடாதே என்று சுத்தியலைத் தொடாமல் அரத்தால் ராவுகிற வேலையாகவே பார்த்தேன். பதினொரு மணிக்குக் கஞ்சியோடு வந்து உன் கையைத் தொட்டேன். அந்த மூன்று மணி நேரமும் உனக்கு ஆறடி தூரத்தில்தான் இருந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாயோ. "பொண்டாட்டிய இப்படிப் பாத்த ஆம்பளைய நாங் கண்டதில்ல" என்று உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேனில் குழைத்தது, கவுனி அரிசியில் வைத்தது எல்லாம் கதையாகத் தெருவில் சுற்றியது. அன்று எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆமாம், நம்மால் முடிந்ததைச் செய்தோம் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

கருமாதி முடிந்து நாலாம் நாள், மீதி இருந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். இல்லாதவர்கள் யாருக்காவது கொடுங்கள் என்று நீட்டினேன். அங்கே இருக்கிற பெண்ணை உனக்குத் தெரியும், உன்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாளே, அவள்தான். அப்படி வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று தன்மையாகச் சொன்னாள். பிறகு உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் பழக்கதோஷத்தில், எப்படி அரைத்தேன், எவ்வளவு நைசாக அரைத்தேன் என்று ஆரம்பித்தேன். அவள் கை அந்த அட்டையில் நின்றுவிட்டது.

"இதையுமா அரைச்சுக் குடுத்தீக?"

"எல்லாத்தையுந்தான். ஏம்மா?"

"ஒன்னுமில்லய்யா."

"இல்ல, சொல்லு."

அவளுக்குச் சொல்ல மனசே இல்லை. நான் அங்கிருந்து நகரவும் இல்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "இது வயித்துக்குள்ள கெடந்து நாள் பூராக் கொஞ்சங்கொஞ்சமாக் கரையிற மாத்திரைய்யா. மேல உள்ள பூச்சு அதுக்குத்தான். அரைச்சா நாள் பூரா வேல செய்ய வேண்டியது மொத்தமா ஒரே நேரத்துல எறங்கிரும். பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து போட்டுருக்கு பாருங்க, அது இருந்தா ஒடைக்கக் கூடாது, அரைக்கக் கூடாது." பிறகு அவசரமாக, "அதுனாலதான்னு இல்லய்யா. ஒடம்பு ரொம்ப முடியாமத்தான இருந்தாக" என்றாள்.

வீட்டுக்கு எந்த வழியாக நடந்து வந்தேன் என்று தெரியாது. காலையில் நீ ஏன் துவண்டாய், சாயங்காலம் ஏன் பிரஷர் ஏறியது, ஒன்று ஏன் இரண்டானது என்று நடக்க நடக்க ஒவ்வொன்றாக விளங்கியது. காலையிலேயே எல்லாம் இறங்கித் தீர்ந்துபோயிருக்கிறது. சாயங்காலத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்தா, அந்தா என்று நீ கை நீட்டியதும் விளங்கியது. வாசல்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

டாக்டரிடமும் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். எழுந்து வரும்போது, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா கரைச்சுக் குடுக்கக்கூடிய மாத்திரையா மாத்தி எழுதியிருப்பனே" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை என்றார், அவ்வளவுதான். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீ ஐந்து மாதம் போராடினாய். எல்லாச் சொல்லும் இருந்த நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறாள். "அம்மாவ நீங்க பாத்த மாதிரி யாரும் பாக்க முடியாதுப்பா" என்கிறாள் இன்னமும். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாய் வரை வரும். சாப்ட்டியா தாயி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எனக்கும் வாய் போய்விட்டது என்றுதான் வைத்துக்கொள்ளேன்.

சாந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாளே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கல்லை உள்ளேயே வைத்து இழுப்பறையை மூடினேன். அட்டைகளை வாங்கி, லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றில் அதே இரண்டு எழுத்து இருந்தது.

"இத அரைக்கக் கூடாதும்மா. மத்ததையும் நாஞ் சொல்ல முடியாது. வா, கேட்டுட்டு வருவோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன். மெடிக்கல் பெண் என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அட்டைகளைப் பார்த்துவிட்டு, அதை மட்டும் டாக்டரிடம் காட்டி மாற்றி எழுதி வாங்கச் சொன்னாள். மற்றதைத் தனித்தனியாகப் பொடி செய்து தரலாம், நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், சோற்றில் ஒளித்து வைத்துக் கொடுக்காமல் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்றாள். நான் அங்கிட்டுத் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது சாந்தி, "நல்லவேள, நீங்க சொன்னீக. நாம்பாட்டுக்கு அரைச்சுக் குடுத்துருப்பேன். அக்கா சொல்லிக் குடுத்ததாண்ணே?" என்றாள்.

"ஆமா. அக்காதான் சொன்னா" என்றேன்.

அவள் மாமியாருக்கு ஒன்றும் ஆகாது. அதில் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அட்டையைத் திருப்பிப் படிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

என் சர்க்கரை மாத்திரையை நான் இப்போது வெட்டுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நீ உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்கிறேன். அட்டையைப் படிக்கிறேன். கேட்க ஆள் இல்லை என்றாலும் என் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன். முழுசாக முழுங்கிவிட்டு, ஆ என்று வாயைத் திறந்து காட்டுகிறேன். யார் பார்த்தாலும் பைத்தியம் என்பார்கள். திறக்கும்போதெல்லாம் அந்தக் கடைசி எட்டு நாள்தான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கரண்டியில் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் திறந்தாய். இவனிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டாயா, இல்லை என் மனசு நோகக் கூடாதென்று வாங்கிக்கொண்டாயா? எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை.